டான்யூப் பாதையில் ஆகஸ்ட் நெரிசல்: எட்டு வயது மகளோடு போகலாமா?

ஆகஸ்டில் டான்யூப் ஆற்றோர சைக்கிள் பாதையில், ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை மகளோடு போக ஆசை, ஆனால் போவோர் வருவோரை எண்ணும் பாதையோரக் கருவிகளின் கணக்கு பயமுறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். தைரியமாகப் போங்கள். நகரங்களுக்கு அருகிலுள்ள கருவி, வேலைக்குப் போகிறவர், மாலையில் உலாவ வருகிறவர் எல்லோரையும் சேர்த்தே எண்ணும். அத்தனை பேரும் நெடுந்தூரப் பயணிகள் அல்ல.

நிஜமான நெரிசல் வழியிலுள்ள மெல்க், கிரெம்ஸ் நகரங்களுக்கு நடுவே, வாஹாவ் பள்ளத்தாக்கில்தான். சுமார் 35 கி.மீ. அதை வார நாளில், காலையிலேயே கடந்துவிடுங்கள். அங்கே இரு கரையிலும் போகலாம். தென்கரை அமைதியாக இருக்கும். பெரும்பாலோர் ஆறு ஓடும் திசையிலேயே போவதால் எதிரே வருகிறவர்கள் குறைவு. ஆனால் மின்சைக்கிள்கள் பெருகிவிட்டன, பின்னாலிருந்து சட்டென்று முந்துவார்கள். மகளை வலது ஓரமாகவே ஓட்டப் பழக்குங்கள். அப்புறம், ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம்.