விளையாட்டை விட முடியாத மகன்: கைபேசியைப் பறித்தால் தீருமா?

"பதினைந்து வயது மகன் இரவு இரண்டு மணி வரை இணையத்தில் விளையாடுகிறான். மூளை பழுதாகிவிடுமா? கைபேசியைப் பறித்துவிடவா?" என்று களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

பழுது என்பதைவிடப் பழக்கம் என்பதே பொருத்தம், அம்மா. விளையாடும்போது மூளையில் பரிசுக்கும் பழக்கத்துக்கும் தொடர்புள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில், "இன்னும் வேண்டும்" என்று தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வெளிப்படுவது 1998 இலேயே ஆய்வில் காட்டப்பட்டது. பரிசு எப்போது விழும் என்று தெரியாத ஆட்டம்தான் ஆளை அதிகம் இழுக்கும். வாவிக்கரையில் தூண்டிலோடு மணிக்கணக்கில் குந்தியிருப்பவரைக் கேட்டால் சொல்வார். "போதும்" என்று தடுக்க வேண்டிய, நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது.

பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, சண்டைதான் மிஞ்சும். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை குறிப்பெழுதுவதில் தொடங்கும்: எந்நேரம் கை கைபேசிக்குப் போனது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது? விடை சலிப்பாக இருக்கலாம், கணிதப் பாடமாகவும் இருக்கலாம். அடுத்து, "இன்னும் ஒரே ஓர் ஆட்டம்" என்ற எண்ணத்தை அவனே கேள்வி கேட்கப் பழகுகிறான். இரவில் கைபேசி கூடத்தில் உறங்கும், உங்களுடையதும் சேர்த்து. மிச்சமாகும் நேரத்தைக் கடற்கரைப் பந்தாட்டமோ வேறெதுவோ நிரப்பாவிட்டால் ஒரு கிழமைகூடத் தாங்காது.

எல்லா விளையாட்டும் நோயல்ல. கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உறவும் கெட்டும் தொடர்ந்து, பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதைக் கோளாறு என்கிறது. அப்படியானால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைத்துப் பேசலாம்.