தானியக் கோபுரம் போன ஊர்

கேள்வி (வாசகி, மதுரை): கனடாவின் சஸ்காட்சுவானில் ரயில் பாதையோரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு குட்டி ஊர். பல ஊர்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஏன்?

பதில்: அந்த இடைவெளியைத் தீர்மானித்தது குதிரை வண்டி. கோதுமையை இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமே! அதற்குத் தோதாக ரயில் நிறுத்தங்கள் வந்தன. நிறுத்தம்தோறும் ‘எலிவேட்டர்’ என்ற மரக் கோபுரம் எழுந்தது. பலகைகளைப் படுக்கைவாட்டில் அடுக்கி ஆணியடித்த சுவர் அது. குவிந்த தானியம் பக்கவாட்டில் அவ்வளவு அழுத்தும். சாதாரணச் சுவர் பிதுங்கிவிடும். வண்டியை எடைபோட்டுக் குழியில் கொட்டினால், பட்டையில் கோத்த வாளிகள் தானியத்தை உச்சிக்கு அள்ளிப்போகும். அங்கிருந்து அறைகளுக்குள் இறங்கி, குழாய் வழியே ரயில் பெட்டியில் தானாக விழும். 1933-இல் மேற்குக் கனடா முழுவதும் இப்படி 5,758 கோபுரங்கள் இருந்தன.

கோதுமை கொண்டுவந்தவர் அங்கேயே மளிகை வாங்கினார், தபால் எடுத்தார், கலப்பையைச் செப்பனிட்டார். கோபுரத்துக்காகச் செலுத்தப்பட்ட வரி ஊர் நிர்வாகத்துக்குப் பெரிய வரவு. லாரி வந்தபின் தூரம் ஒரு பொருட்டில்லை. அரசும் ரயில் நிறுவனமும் 1897-இல் செய்த ஒப்பந்தத்தில் பிறந்த, தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகையின் மிச்சமும் 1995-இல் முடிந்தது. கிளைப்பாதைகள் மூடப்பட்டன, நூறு பெட்டிகளை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் கிடங்குகளுக்குத் தானியம் திரும்பியது. கோபுரத்தோடு கடையும் போனது. பக்கத்து மாகாணமான மனிதோபாவின் இங்லிஸ் ஊரில் ஐந்து கோபுரங்களை வரிசையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

கேள்வி (வாசகர், யாழ்ப்பாணம்): தானியத்தை உள்ளூரிலேயே ரயிலேற்ற இனி வழியில்லையா?

பதில்: உண்டு, ‘புரொடியூசர் கார்’: விவசாயியே கேட்டுப் பெற்று, தன் தானியத்தைத் தானே ஏற்றி அனுப்பும் ரயில் பெட்டி. பெட்டி கேட்டுப் பெறும் உரிமைக்காக 1902-இலேயே இன்றைய சஸ்காட்சுவானிலுள்ள சின்டலூட்டா ஊர் விவசாயிகள் வழக்காடி வென்றார்கள். முதலில் விற்பனையைப் பேசி முடியுங்கள்; வாங்க ஆளில்லாத தானியத்தைத் துறைமுகத்தில் இறக்க முடியாது. பிறகு கனடா தானிய ஆணையத்திடம் விண்ணப்பம். ஒரு பெட்டி சுமார் 90 டன், பெரிய லாரிக்கு இரண்டு நடை. கோதுமையின் ஈரப்பதம் 14.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஏற்றுமுன் அடிக்கதவு ஒழுகுகிறதா, பழைய சரக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். திருகுக் குழாயால் மேல்வாய் வழியே அறைகளை மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். ஒரே முனையில் கொட்டினால் அந்தப் பக்கத்து அச்சில் பாரம் மிஞ்சும். ஏற்றும்போதே மாதிரி எடுத்து வையுங்கள், தரத்தில் தகராறு வந்தால் அதுதான் பிடிமானம்.

தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டால் இத்தனையும் வீண். அதனால்தான் இன்னொரு பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவின் ஃபாரஸ்ட்பர்க் வட்டாரத்தில் கூட்டுறவாகப் பணம் போட்டுக் கிளைப்பாதையையே வாங்கினார்கள்.