தம்பி, அங்கே "டாங்கெ" என்றால் வேண்டாம் என்று அர்த்தம்

உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன் தம்பி. தீபாவளிக்கு மேற்கு மாம்பலத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன், வெளியே நல்ல மழை, அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "புள்ள பசியோட படுக்குறானாமே, முதல்ல அதுக்குப் பதில் எழுது" என்று சொல்லிவிட்டாள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீ எழுதியது இதுதான்: பெரம்பூரிலிருந்து பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனிக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது, நீ தங்கியிருக்கிற ஜெர்மன் வீட்டில், அதாவது ஹோஸ்ட் ஃபேமிலியில், யாரும் திட்டுவதில்லை, ஆனால் யாரும் உன்னைக் கவனிப்பதாகவும் தெரியவில்லை, ராத்திரி வயிறு நிறைவதில்லை, வகுப்பில் ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறாய், அம்மா தினமும் போனில் அழுகிறார்கள், திரும்பி வந்துவிடலாமா என்று கேட்கிறாய்.

நான் 2008-ல் உன் வயதில், கோட்டிங்கன் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு இதே மாதிரிதான் போனேன். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேசையில் ரொட்டி, சீஸ், வெண்ணெய், நறுக்கிய வெள்ளரிக்காய் எல்லாம் எடுத்து வைத்தார்கள். ஏதோ டிபன் என்று நினைத்து ஒரே ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று மாடியில் என் அறையில் காத்திருந்தேன். எட்டரைக்கு சமையலறை விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அதுதான் ராத்திரிச் சாப்பாடு. நிறைய ஜெர்மன் வீடுகளில் சூடான சமையல் ஒரு வேளைதான், ராத்திரிக்கு இந்த ரொட்டிதான், "ஆபெண்ட்ப்ரோட்" என்பார்கள். உன் வீட்டிலும் இதே வழக்கம் என்றால் அதையே வயிறு நிறையச் சாப்பிடு, நாலு துண்டு எடுத்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு அம்மா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நீட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்பார், நான் சிரித்துக்கொண்டே "டாங்கெ" என்பேன். நன்றி என்று சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. பாத்திரம் அப்படியே அடுத்தவரிடம் போய்விடும். ஒன்றை நீட்டும்போது வெறுமனே "டாங்கெ" என்று சொன்னால் அங்கே வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் "யா, கெர்னெ" என்று சொல்ல வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனில் நான் படித்த ஜெர்மன் வகுப்பில் வேற்றுமை உருபெல்லாம் மனப்பாடமாக வந்தது, இது வரவில்லை.

நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. அவர்களும் விடாமல் "சும்மா வெட்கப்படாதே" என்று இலையில் இன்னொரு கரண்டி போட்டுவிடுவார்கள். நாம் சொல்லாததைக் கேட்டுப் போடுகிற கைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே நீ வேண்டாம் என்றால் அது உன் முடிவு, இரண்டாவது தடவை வற்புறுத்துவதுதான் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. நீ கவனிப்பு இல்லை என்று நினைப்பதில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் வார்த்தையை அவர்கள் அப்படியே நம்புகிறார்கள்.

அம்மா கட்டிக்கொடுத்த கைமுறுக்கை ராத்திரி போர்வைக்குள் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு என்று எண்ணித் தின்று ஒரு மாதம் ஓட்டினேன். காலி உறையைக் குப்பைத் தொட்டியில் பார்த்துவிட்டு அந்த அம்மா என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தன் சமையல் பிடிக்கவில்லை போல என்று அவரும் அத்தனை நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அழுதேன், அவருக்கும் கண் கலங்கிவிட்டது. என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று கேட்டார், தயிர் சாதம் என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது "மில்ஹ்ரைஸ்" என்று அவர்கள் சமைக்கிற உருண்டை அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்தார். முழுக்கச் சாப்பிட்டேன். அடுத்த நாள் அதே அரிசியைத் தண்ணீரில் வடித்து, உப்பும் கடையில் கிடைக்கிற 3.5 சதவீதக் கொழுப்புத் தயிரும் போட்டு நானே பிசைந்தேன். கடுகு, கறிவேப்பிலை எதுவும் கிடையாது. அந்த வீட்டுச் சின்னப் பையன் என் கிண்ணத்திலேயே ஸ்பூனை விட்டுச் சாப்பிட்டான். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் அந்த வீட்டில் என் சமையல்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள். ஏ.எஃப்.எஸ். மாதிரியான மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஹோஸ்ட் ஃபேமிலிக்குச் சம்பளம் கிடையாது. உலகப் போர்களில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் தொண்டர்கள் 1947-ல் தொடங்கிவைத்த மாணவர் பரிமாற்றம் அது, இன்றைக்கும் குடும்பங்கள் தாங்களாக விரும்பித்தான் பிள்ளைகளை ஏற்றுக்கொள்கின்றன. காசுக்காக உன்னைச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு உனக்கு இருந்தால் அதை விட்டுவிடு. விருந்தாளி மாதிரி அறைக்குள் உட்காராமல், தட்டைக் கழுவு, குப்பை பிரிப்பதைக் கற்றுக்கொள், கடைக்குப் போகும்போது நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பு.

வகுப்பிலும் இதே கதைதான். அங்கே மதிப்பெண் 1 முதல் 6 வரை, 1-தான் உச்சம். மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும், ஆனால் வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கென்றே ஒரு பெரிய பங்கு உண்டு. தேர்வில் ஓரளவு எழுதியும் வரலாற்றில் எனக்கு 4 வந்தது. டீச்சரிடம் போய்க் கேட்டேன். "நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியவே இல்லையே" என்றார். சரியான விடை தெரிந்தால் மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும் என்று நம் பள்ளியில் பழகிவிட்டோம். ஒரு பாடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டு கை தூக்கு, "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்" என்று கேட்டால்கூடப் போதும். மொழி ஐந்து வாரத்தில் வராது. எனக்குப் பொங்கல் சமயத்தில்தான் காது திறந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. அந்த வீட்டில் யாராவது உன்னைப் பயமுறுத்தினாலோ, தொடக்கூடாத விதத்தில் தொட்டாலோ, அதை அனுசரித்துப் போகாதே. உன் அமைப்பின் உள்ளூர்ப் பொறுப்பாளர், பள்ளியில் நீ நம்புகிற ஓர் ஆசிரியர், உன் அப்பா அம்மா, மூவருக்கும் அன்றைக்கே சொல்லிவிடு. 116 111 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், பெயர் சொல்லாமலே பேசலாம். அவசரம் என்றால் 112. அப்படி எதுவும் இல்லாமல் வெறுமனே ஒத்துப்போகவில்லை என்றாலும் வீடு மாற்றித் தரக் கேட்கலாம், அது தோல்வி இல்லை. என்னோடு வந்த ஒரு பெண் இரண்டாவது மாதத்தில் வீடு மாறினாள், மாறியபிறகு சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். தினமும் பேசுவதைக் குறைத்துவிடு. கேட்கவே கல்நெஞ்சு மாதிரி இருக்கும், தெரியும். ஆனால் ராத்திரி முழுக்க மனசு பெரம்பூரிலேயே இருந்துவிட்டு, காலையில் அங்கே எழுந்து பள்ளிக்குப் போக முடியாது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அப்புறம் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நீ கூப்பிட்டால் இங்கே மதியம் மூன்றரை, சாப்பிட்டு முடித்து எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அழுகையை மட்டும் சொல்லாமல், அந்த வாரம் நடந்த ஏதாவது ஒரு நல்ல காரியத்தையும் அம்மாவிடம் சொல்லு. நவம்பர், டிசம்பரில் நாலரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மனசும் கொஞ்சம் இருண்டுபோகும், அது உனக்கு மட்டும் இல்லை. பகலில் வெளிச்சம் இருக்கும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடு.

படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும் என்ற பயம் நியாயமானதுதான். நான் திரும்பி வந்து எனக்கு ஒரு வயது சின்னவர்களோடு +1 உட்கார்ந்தேன், முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான். நீ திரும்பும்போது இடம் உண்டா, எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதை உன் பெரம்பூர் பள்ளியிலிருந்து எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லி அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு.

திரும்புவதா வேண்டாமா என்பதைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளிவை. இன்று சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது, எனக்கு ராத்திரி பசிக்கிறது என்று அவர்களிடம் சொல்லு, ஜெர்மன் வராவிட்டால் ஆங்கிலத்திலேயே சொல்லு. பாத்திரத்தை நீட்டினால் "யா, கெர்னெ". என்ன நடந்தது என்று ஞாயிற்றுக்கிழமை எனக்கு எழுது, அம்மாவும் கேட்டுக்கொண்டே இருப்பாள்.