அறுபதைத் தாண்டிய ராக் குரல்கள்: கேள்வி பதில்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் உச்சத்தில் பாடிய ராக் பாடகர்கள் பலர் இன்னும் சுற்றுப்பயணம் போய்க்கொண்டிருக்கிறார்கள். பழைய இசைத்தட்டில் இருக்கும் குரலும் மேடையில் கேட்கும் குரலும் ஒட்டாமல் போவது ஏன், அதற்கு என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வயசானா தொண்டைக்குள்ள உண்மையில என்ன நடக்குது? எல்லாருக்கும் நடந்தே தீருமா?

குரல்நாண் என்று பெயர் இருந்தாலும் அது கம்பி அல்ல, இரண்டு சதை மடிப்புகள். ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான். மேலே மெல்லிய சவ்வு, அதற்கடியில் ஜெல்லி மாதிரி ஓர் அடுக்கு, அதற்கும் அடியில் தசை. காற்று மேலே வரும்போது அந்த ஜெல்லி அடுக்கு அலை அலையாக அசைவதுதான் நம் காதில் குரலாக விழுகிறது.

வயது ஏறினால் அடித்தசை மெலிகிறது. மடிப்புகள் சேரும்போது நடுவில் வில்போல வளைந்து ஓர் இடைவெளி விழுகிறது, அதன் வழியே காற்று கசிகிறது. குரலில் காற்றும் பிசிறும் கேட்பது இதனால்தான். ஜெல்லி அடுக்கில் நெகிழ்ச்சி நார்கள் குறைந்து கொலாஜன் கூடுவதால் அது விறைக்கிறது. குரல்வளையின் குருத்தெலும்பும் மெல்ல எலும்பாக இறுகுகிறது. மேல் ஸ்தாயிக்குப் போக குரல்வளை சாய்ந்து மடிப்புகளை இழுத்து நீட்ட வேண்டும், இறுகிய குரல்வளைக்கு அந்தச் சாய்வு எளிதில் வராது. போதாததற்கு, மூச்சை வேகமாக வெளித்தள்ளும் திறனும் நடுவயதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி லிட்டர் குறைந்துகொண்டே வருகிறது.

எல்லாருக்கும் நடக்கும். எவ்வளவு வேகமாக என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். புகை, இரைப்பை அமிலம், ஓய்வில்லாத பயணம் மூன்றும் அந்த வேகத்தைக் கூட்டும்.

கேள்வி: நம்ம கர்நாடக வித்வான்கள் எழுபதிலும் கச்சேரி பண்றாங்களே. ராக் பாடகருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

வித்வான் தன் கட்டையை, அதாவது அடிப்படைச் சுருதியை, தானே தேர்ந்தெடுக்கிறார். வயதானால் அரைக்கட்டை இறக்கிக்கொள்வார், தம்புராவும் அதற்கேற்ப இறங்கும், சபையில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. ராக் பாட்டு அப்படியில்லை. இருபத்தைந்து வயதில், ஸ்டுடியோவில், பல டேக் எடுத்துப் பதிவானது அது. அந்தச் சுருதியும் அந்த உச்ச ஸ்வரமும் ரசிகர்களின் காதில் கல்வெட்டு மாதிரி நின்றுவிட்டது. கிட்டாரின் திறந்த (விரலால் அழுத்தாத) கம்பிகளை நம்பி எழுதிய பாட்டாக இருந்தால் சுருதியை மாற்றினால் வாசிப்பே மாறிவிடும்.

பாடும் இடமும் ஒரு காரணம். ஆண் குரல் கனத்த கீழ்க்குரலிலிருந்து மெல்லிய மேல்குரலுக்குத் தாவும் படிக்கட்டு ஏறக்குறைய 330 முதல் 390 ஹெர்ட்ஸில் (நொடிக்கு இத்தனை அதிர்வு) இருக்கிறது. ராக் கோரஸ்கள் பெரும்பாலும் அந்தப் படிக்கட்டிலும் அதற்கு மேலும்தான், அதுவும் முழு அழுத்தத்தில். சராசரி 300 ஹெர்ட்ஸ் என்று வைத்து, இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் மட்டுமே குரல் ஒலித்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 × 3600. அந்த மடிப்புகள் ஒரே இரவில் பத்து லட்சத்து எண்பதாயிரம் முறை மோதியிருக்கும். மறுநாள் இரவு இன்னொரு ஊரில் திரும்பவும் அதே.

கேள்வி: நாங்க மத்தவங்க பாட்டை வாசிக்கிற ஒரு கவர் பேண்ட். பாடகருக்கு 57. சுருதி இறக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். கிட்டார்ல என்ன மாத்தணும்?

நல்ல முடிவு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ பெரிய குழுக்கள் செய்வதுதான்.

எல்லாக் கிட்டாரும் பேஸும் ஒரே அளவு இறங்கினால் விரல் வைக்கும் இடம் மாறாது, திறந்த கம்பிகளும் பழையபடி ஒலிக்கும். அரைக்கட்டை இறக்கும்போது கம்பியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது, ஒரு கட்டைக்குச் சுமார் 21 சதவீதம். அதே கம்பியை விட்டுவைத்தால் தொளதொளவென்றாகி, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே ஸ்வரம் ஏறிவிடும். இப்போது 10 செட் (கம்பித் தடிமன் எண்; கூடினால் கம்பி தடிமனாகும்) போட்டிருந்தால் அரைக்கட்டைக்கு 10.5, ஒரு கட்டைக்கு 11 போடுங்கள், கைக்குப் பழைய இறுக்கம் ஏறக்குறையத் திரும்பும். பிறகு கிட்டார்க் கழுத்தின் வளைவையும் இன்டொனேஷனையும் (கழுத்து முழுக்கச் சுருதி சேர்வதை) சரிபார்க்க வேண்டும். மிதக்கும் பிரிட்ஜ் (ஸ்பிரிங்கில் நிற்கும் கம்பித் தாங்கி) இருக்கும் கிட்டாரில் ஸ்பிரிங் இழுப்பையும் புதிதாகச் சமன்செய்ய வேண்டும். நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்பே முடித்துவிடுங்கள். மேடையேறும் அன்று காலையில் கம்பி மாற்றினால் இரவு முழுக்கச் சுருதி நழுவிக்கொண்டேயிருக்கும்.

கீபோர்டுக்கு டிரான்ஸ்போஸ் பொத்தான் போதும். முன்பதிவு லூப்புகள் இருந்தால் புதுச் சுருதியில் திரும்ப எடுக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டு மேடையில் விழிப்பார்கள்.

இன்னொன்று, எல்லாப் பாட்டையும் ஒரே அளவு இறக்காதீர்கள். இரண்டு அரைக்கட்டை இறக்கினால் கோரஸ் சுகமாகும், ஆனால் சரணத்தின் கீழ் ஸ்வரங்கள் மந்திர ஸ்தாயிக்குள் புதைந்து டிரம்ஸுக்கு அடியில் காணாமல் போகும். பாட்டு பாட்டாக உட்கார்ந்து பாடிப் பார்த்து எழுதி வையுங்கள்.

கேள்வி: நான் மேடை ஒலி பாக்குறவன். மிக்ஸர்ல இருந்து வயசான பாடகருக்கு என்ன உதவி பண்ண முடியும்?

பலரும் நினைப்பதைவிட அதிகம். பாடகர் கத்துவதற்குப் பாதிக் காரணம் தன் குரல் தனக்கே கேட்காததுதான். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான், மனவுறுதியால் மட்டும் அதை அடக்குவது கடினம். எனவே முதலில் மேடை இரைச்சலைக் குறையுங்கள்: கிட்டார் ஆம்ப்பைப் பாடகரின் முதுகைப் பார்க்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள், சிம்பலுக்கும் அவருக்கும் நடுவே தடுப்பு வையுங்கள்.

காதுக்குள் வைக்கும் மானிட்டர் என்றால் காதுக்கு அச்செடுத்துச் செய்தது வேண்டும். ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடும் பழக்கத்தை எப்படியாவது நிறுத்துங்கள். திறந்த காதில் மேடை இரைச்சல் முழுசாக இறங்கும், மூடிய காதிலும் ஒலியைக் கூட்டச் சொல்வார்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அரங்குக்குப் போகும் கம்ப்ரஸ் செய்த (உரத்த இடங்களைக் கருவியால் அடக்கிய) குரலையே அவர் காதுக்கும் அனுப்புவார்கள். அவர் அழுத்திப் பாடினாலும் காதில் ஒலி கூடாது. 'இன்னும் பத்தவில்லை' என்று தொண்டை நினைத்துக்கொண்டு மேலும் தள்ளும். காதுக்குப் போகும் குரலில் கம்ப்ரஷன் வேண்டாம், அல்லது மிக லேசாக இருக்கட்டும். அரங்குக்குப் போவதில் தாராளமாகச் செய்யுங்கள், 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கீறல் வந்தால் டைனமிக் ஈக்யூ (ஒரு பகுதி ஒலி மிகும்போது மட்டும் குறைக்கும் கருவி) வைத்து அந்த நொடியில் மட்டும் அடக்குங்கள்.

காதுகளும் வயதாகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். 2016இல் ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலக நேர்ந்தது குரலால் அல்ல, செவித்திறன் இழப்பால். மீதி நிகழ்ச்சிகளைக் கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ் பாடினார். 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை, 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கப் பணியிட ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு.

கேள்வி: ஜான் போன் ஜோவிக்கு என்ன ஆபரேஷன் செஞ்சாங்க? அது எல்லாருக்கும் பண்ணலாமா?

பான் ஜோவி என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் அவர். 2022 வசந்தகாலப் பயணத்தில் அவர் குரல் தடுமாறியதை எல்லாரும் பார்த்தார்கள். அப்போது அவருக்கு 60 வயது. ஒரு பக்கக் குரல்நாண் மெலிந்து போயிருந்தது, வலுவான பக்கம் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் செய்தது தைரோபிளாஸ்டி வகை. கழுத்தில் சின்னக் கீறல், தைராய்டு குருத்தெலும்பில் ஒரு சிறு சன்னல், அதன் வழியே கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளின் துண்டை உள்ளே வைத்து மெலிந்த மடிப்பை நடுவை நோக்கித் தள்ளுவார்கள். பொதுவாக இந்தச் சிகிச்சையில் நோயாளியை முழுசாகத் தூங்க வைப்பதில்லை. பேசச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, எவ்வளவு உள்ளே தள்ளுவது என்று முடிவு செய்கிறார்கள்.

இது இடைவெளியை மூடும். விறைத்துப்போன ஜெல்லி அடுக்கை மென்மையாக்காது. அதனால்தான் பேச்சு சீக்கிரம் தெளிந்தாலும், மேல் ஸ்தாயிக்கு நீண்ட பயிற்சி தேவைப்படுகிறது. சிறிய இடைவெளிக்கு முதலில் ஹயாலுரோனிக் அமில ஊசி போட்டுப் பார்ப்பதும் உண்டு. சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதால் அதை வெள்ளோட்டம் மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நிகழ்ச்சிக்கு முன்னால ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டு ஏறிடுவாங்களாமே?

நடக்கிறது. வீக்கம் சில மணி நேரத்தில் வடியும், குரல் திரும்பியது போலிருக்கும். வந்த ஆபத்து போகாமல் அப்படியே இருக்கும், அதைச் சொல்லும் அறிகுறி மட்டும் மறைந்துவிடும். சிவந்து புடைத்த நுண்குழாய் ஒன்று மடிப்பில் இருந்து, அதோடு உச்சத்தில் கத்தினால் உள்ளேயே ரத்தம் கசியலாம். குரல் பளிச்சென்று, ஒரே வரியில், போய்விடும். அப்படிப் போனால் அடுத்த வரியைப் பாடவே கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல், முழு மௌனம். கிசுகிசுப்பதும் கூடாது. 2006இல் ஏரோஸ்மித் ராக் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலருக்குத் தொண்டையில் ரத்தக்குழாய் வெடித்து, பயணம் நின்று, லேசர் சிகிச்சை வரை போனது.

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். தலைவலி என்றால் பாராசிட்டமால் போதும்.

கேள்வி: டைலர் ஓய்வுன்னு சொல்லிட்டு திரும்ப மேடையில பாடினாரே, அப்ப ஏன் பயணத்தை நிறுத்தினாங்க?

2023 செப்டம்பர் 9, லாங் ஐலண்ட் நிகழ்ச்சியில் அவர் குரல்வளை காயப்பட்டது, முறிவு என்று பின்னர் அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ஏரோஸ்மித் சுற்றுப்பயணங்களிலிருந்தே விலகியது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் பிளாக் சாபத் பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் பிரியாவிடை நிகழ்ச்சியில் சில பாடல்கள் பாடினார், நன்றாகவே பாடினார்.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. மாதக்கணக்கில் ஓய்வெடுத்த தொண்டை ஒரு மாலை மூன்று பாட்டுப் பாடுவது வேறு. இரவு பதினொன்றுக்கு முடித்து, பசியோடு சாப்பிட்டு, ஏசி பேருந்தில் படுத்து, அமிலம் மேலேறி, மறுநாள் வறண்ட விமானக் காற்றில் பறந்து, மூன்றாம் நாள் திரும்பவும் இரண்டு மணி நேரம் பாடுவது வேறு. குரல் கெடுவது பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியால் அல்ல, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் மடிப்புகள் ஆறாததால். அறுபதுக்கு மேல் தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வைக்காதீர்கள் என்பதே என் திடமான கருத்து.

கேள்வி: ஓடுறது முன்பதிவுக் குரல்தானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மைக் வாயை விட்டு விலகும்போது ஒலி மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டு ஊர்ப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மனிதன் ஒரு வரியை இரண்டு இரவு ஒரே மில்லிசெகண்டில் தொடங்க மாட்டான், மூச்சிழுக்கும் சத்தம்கூட அதே இடத்தில் வந்தால் அது பதிவு. ஆனால் கோரஸில் துணைக்குரல்களை மட்டும் பதிவில் வைப்பதும், முதன்மைக் குரலையே பதிவில் ஓட்டுவதும் ஒன்றல்ல. முன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னதற்குக் காசு கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

கேள்வி: அதிமதுரம், பனங்கற்கண்டு, வெந்நீர்?

சுகம் தரும். விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாணில் ஒரு சொட்டும் படாது, பட்டால் இருமல்தான் வரும். குடிக்கிற தண்ணீர் உடல் வழியாகச் சுற்றி அங்கே போய்ச்சேர நேரம் பிடிக்கும், ஆகவே காலையிலிருந்தே குடியுங்கள். நேரடியாகப் போய்ச் சேர்வது ஆவிதான்: 0.9 சதவீத உப்புநீரை நெபுலைசரில் சில நிமிடம் உள்ளிழுக்கலாம்.

கேள்வி: எனக்கு 55. தினம் என்ன பயிற்சி செய்யலாம்?

காபி கலக்கும் மெல்லிய ஸ்ட்ரா ஒன்று எடுங்கள். உதட்டை இறுக்கி, ஸ்ட்ரா வழியாக மட்டும் காற்று போகும்படி 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்குங்கள். மூக்கைப் பிடித்தால் ஒலி நிற்கக் கூடாது, நின்றால் காற்று மூக்கால் கசிகிறது என்று அர்த்தம். ஸ்ட்ராவில் எழும் எதிரழுத்தம் மடிப்புகளைச் சற்றே விலக்கிப் பிடிக்கும், மோதல் குறையும். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை.

அதோடு குரல் சிகிச்சை நிபுணர் ஸ்டெம்பிளின் குரல்தசைப் பயிற்சி: 'ஈ' என்று ஒரே ஸ்வரத்தில் நீள நிறுத்துவது, கீழிருந்து மேலே வழுக்குவது, மேலிருந்து கீழே வழுக்குவது, நடு ஸ்தாயியில் ஐந்து ஸ்வரங்களைத் தனித்தனியாக நீட்டுவது. ஒவ்வொன்றும் இரண்டு முறை, காலையும் மாலையும், முடிந்தவரை மெல்லிய ஒலியில். நீட்டிய நொடிகளை எழுதி வையுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆனால் முதலில் ஒருமுறை ஸ்ட்ரோபோஸ்கோபி (மினுக்கும் ஒளியில் குரல்நாண் அசைவைக் கேமராவில் பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள். கரகரப்பு நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் 'வயசு' என்று தள்ளிவிடாதீர்கள், புகை பிடிப்பவராக இருந்தால் நாலு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தி ஹூ குழுவின் ரோஜர் டால்ட்ரிக்கு இப்படிப் பார்த்தபோதுதான் புற்றுக்கு முந்தைய திசுக்கள் தெரிந்து, அகற்றினார்கள். அமெரிக்கப் பாடகி லிண்டா ரோன்ஸ்டாட்டுக்கு நேர்ந்தது வேறு: பாட முடியாமல் போனதற்குக் காரணம் தொண்டையில் இல்லை, நரம்பு நோய். முதலில் பார்க்கின்சன் என்றும் பிறகு அதை ஒத்த வேறொரு நோய் என்றும் கண்டறிந்தார்கள்.

கேள்வி: கடைசியா ஒண்ணு. பாட்டு வரிசை எப்படி அடுக்கணும்?

முதல் பாட்டு நடு ஸ்தாயியில், நன்றாகப் பழகியதாக இருக்கட்டும். மிக உயரமான பாட்டை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள், தொண்டை சூடேறியிருக்கும், களைத்திருக்காது. அதை என்கோருக்கு (கடைசியில் ரசிகர் கேட்டுப் பாடும் பகுதிக்கு) ஒதுக்குவதுதான் வழக்கமான தப்பு. அதற்கு அடுத்து நீண்ட கிட்டார் தனி வாசிப்பு, ஐந்து நிமிடமாவது. அந்த ஐந்து நிமிடத்தில் பாடகர் பக்கவாட்டில் போய் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், ரசிகர்களோடு பேசப் போகக் கூடாது. உச்ச ஸ்வரத்தைத் துணைப்பாடகர் எடுக்க, முதன்மைப் பாடகர் அதற்கு மூன்று ஸ்வரம் கீழே நிற்பதை ஒத்திகையிலேயே பழகுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்ட்ராவில் ஐந்து நிமிடம் இறங்கு வழுக்கல், பிறகுதான் பேச்சு.