வலி சொல்லும்: மூலமா, வெடிப்பா, பவுத்திரமா?

கேள்வி: வயது 34. வாடகை கார் ஓட்டுகிறேன். ஒரு மாதமாக மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கீறுவதுபோல் வலி. பிறகும் இரண்டு மணி நேரம் உட்கார முடியவில்லை. மலத்தின்மேல் சிவப்பாக ஒரு கோடு. மூலத்துக்கான களிம்பு போட்டும் குறையவில்லை. ஆபரேஷன் வேண்டியிருக்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் வலி மூலத்தின் வலி அல்ல, ஆசனவாய் வெடிப்பாகவே தெரிகிறது. நம் ஊரில் அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம் என்றுவிடுகிறோம். உள்மூலம் உண்டாகும் பகுதியில் வலியை உணரும் நரம்பு இல்லை. ரத்தம் சொட்டுச் சொட்டாக விழும், வலிக்காது. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்தால் மட்டும் திடீரென்று வலியோடு கட்டி தட்டுப்படும்.

வெடிப்பு என்பது இறுகிய மலம் தோலில் உண்டாக்கும் கிழிசல். வலியில் ஆசனவாயை மூடித் திறக்கும் சுருக்குத்தசை இறுகும், ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. பயந்து மலத்தை அடக்கினால் அது இன்னும் இறுகி மறுபடி கிழிக்கும். வழியில் கழிப்பறை கிடைக்காதென்று ஓட்டுநர்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். முதலில் அதை மாற்றுங்கள்.

அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, தினம் இரண்டு மூன்று முறை 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். மலம் கழித்ததும் ஒருமுறை கட்டாயம். கீரை, கொய்யா, இரவில் நிறையத் தண்ணீரோடு இசப்கோல் என்ற நார்ப்பொடி. தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். 6 முதல் 8 வாரம் விடாமல் போட வேண்டும். புதிய வெடிப்பு பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும்.

பவுத்திரம் வேறு. சீழ்க்கட்டி உடைந்த இடத்தில் சிறு துவாரம் நின்று, சீழ் கசிந்து உள்ளாடையை நனைக்கும். மாத்திரையால் அது மூடாது. அறுவை சிகிச்சையோ, துவாரத்தின் வழியே கட்டும், ஆயுர்வேத மருந்து பூசிய க்ஷார சூத்திரம் என்ற நூலோ தேவைப்படும். பஸ் ஸ்டாண்ட் சுவரில் 'ஒரே ஊசியில் குணம்' என்று ஒட்டியிருப்பதை நம்பிப் போகாதீர்கள். அப்படி ஊசி போட்டு, சதை அழுகி வந்தவர்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

துடிக்கும் வலியோடு காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மலத்தோடு கலந்து ரத்தம் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலோ, களிம்போடு நிறுத்தாமல், பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.