லண்டனுக்கு ஊசியோடு வந்திருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

செப்டம்பரில் கணவரோடு லண்டனுக்கு வந்திருக்கிறீர்கள். அவர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார். பகலெல்லாம் பேச ஆளில்லை. உங்களுக்குக் கம்பளி நூல் பின்னல் நன்றாக வரும். அதை வைத்து இந்த ஊரில் எப்படிக் காலூன்றுவது, நல்ல நூல் எங்கே வாங்குவது, பின்னி விற்றுச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னை அக்கா என்று அழைத்துவிட்டதால் உரிமையோடு வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

நூல் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். முதல் வேலையாக, வாரந்தோறும் கூடிப் பின்னும் குழு ஒன்றில் போய் உட்காருங்கள். மற்றதெல்லாம் அங்கிருந்து தானாகக் கிடைக்கும்.

எங்கே தேடுவது? உங்கள் பகுதியின் பொது நூலகத்தில். லண்டன் மாநகரம் 32 பரோக்களாகவும் சிட்டி ஆஃப் லண்டன் என்ற பழைய நகரப் பகுதியாகவும் பிரிந்திருக்கிறது. நூலகங்களை அந்தந்தப் பரோ நிர்வாகம்தான் நடத்துகிறது. உறுப்பினராகக் கட்டணம் இல்லை. பல நூலகங்களில் ‘நிட் அண்ட் நாட்டர்’ (பின்னலும் அரட்டையும்) என்ற பெயரிலோ அதைப் போன்ற வேறு பெயரிலோ ஒரு குழு வாராவாரம் கூடும். அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இல்லாவிட்டால் மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். உங்கள் பரோவில் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பரோவுக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தேவாலயக் கூடங்களிலும் சமூக நிலையங்களிலும்கூட இப்படிக் கூடுவது உண்டு.

மாலை நேரக் குழுக்களில் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளையவர்கள் இருப்பார்கள். பகல் நேரக் குழுவில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். புதிதாக வந்தவருக்குப் பகல் குழுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் வயதுத் தோழிகள் வேண்டும் என்று தோன்றும், அது நியாயம்தான். ஆனால் இளையவர்கள் வேலை மாறுவார்கள், வீடு மாறுவார்கள், இரண்டு வாரம் வந்துவிட்டு ஒரு மாதம் காணாமல் போவார்கள். மூத்தவர்கள் மழையானாலும் அதே நாற்காலியில் வந்து உட்காருவார்கள். எந்த மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யலாம், எந்த பஸ் சுற்றிப் போகும், வீட்டுக்காரர் ஹீட்டரைச் சரி செய்யாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கேட்டால் சலிக்காமல் சொல்வார்கள்.

ஆங்கிலம் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பின்னல் குழுவைப் போல அந்தத் தயக்கத்துக்கு இடம் கொடுக்கும் இடம் இந்த ஊரில் வேறில்லை. கை வேலையில் இருக்கும்போது பேசாமல் இருப்பது யாருக்கும் உறுத்தாது. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்த ஊர், எப்போது வந்தீர்கள், கணவர் என்ன செய்கிறார் என்று யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். என்ன பின்னுகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஊசியைத் தூக்கிக் காட்டினாலே போதும்.

நான் முதன்முதலில் போன நூலகத்தில் எதிரே ஒரு மூதாட்டி இருந்தார். நான் போட்டிருந்தது நானே பின்னிய ஸ்வெட்டர். பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, அதன் கீழ் விளிம்பைப் பிடித்து உள்பக்கத்தைத் திருப்பினார். முன்பக்க அழகை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. நிறம் மாறும் இடங்களில் நூல் முனைகளை நான் செருகியிருந்த விதத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தம் பையிலிருந்து அரைகுறையாக நின்ற ஒரு காலுறையை எடுத்தார். அதன் குதிகாலை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி என் உள்ளங்கையில் வைத்தார். ஊசியில் விழும் நூல் வளையம்தான் கண்ணி. குதிகாலில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றி, அந்த இடத்தை மட்டும் இரட்டைத் தடிமனாக்கியிருந்தார். சீக்கிரம் தேயாமல் இருப்பதற்கான வழி அது. நாங்கள் அன்று பேசிய ஆங்கிலம் மிகக் கொஞ்சம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இந்த ஊரில் என்னை ஒருவருக்குத் தெரியும் என்று தோன்றியது. அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஒருநாள் நீங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வர வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். இங்கே அது அன்பான பேச்சு, அழைப்பாகிவிடாது. நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. இதை அறியாமல் காத்திருந்து மனம் நொந்த நம்மவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. நீங்களே நாளும் நேரமும் சொல்லி அழைத்தால் வந்துவிடுவார்கள், அதுவும் சொன்ன நிமிடத்தில்.

இனி நூல். கடையில் கொழுகொழுவென்று அடுக்கியிருக்கும் தடித்த நூலைப் பார்த்தவுடன் குளிர் நாடாயிற்றே என்று வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். லண்டனின் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாக 8 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். உறைபனி நாடுகளின் குளிர் இங்கே இல்லை. இங்கே இருப்பது ஈரமும் காற்றும். அதே நேரத்தில் கடைக்குள் சூடு, வீட்டுக்குள் சூடு, ஆழச் சுரங்கத்தில் ஓடும் சென்ட்ரல், விக்டோரியா ரயில் தடங்களிலோ குளிர்காலத்திலும் வெக்கை. தலை வழியாகப் போடும் தடித்த ஸ்வெட்டரைக் கூட்ட நெரிசலில் கழற்றவும் முடியாது, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியாது. முதல் குளிர்காலத்துக்கு மெல்லிய நூலில் முன்பக்கம் பட்டன் வைத்த கார்டிகன், காதை மூடும் குல்லா, விரல் நுனி திறந்த கையுறை ஆகியவற்றைப் பின்னுங்கள். கையுறையைக் கழற்றாமலே போனைத் தொடலாம், சாவியைத் திருப்பலாம்.

இந்த ஈரத்துக்கு அக்ரிலிக் என்ற செயற்கை நூலைவிட ஆட்டுக் கம்பளிதான் பொருத்தம். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பிரிட்டனில் செம்மறி வகைகள் 60க்கு மேல் உண்டு. ஒவ்வொன்றின் கம்பளியும் ஒவ்வொரு விதம். கழுத்தை ஒட்டிக் கிடப்பதற்கு புளூஃபேஸ்டு லெஸ்டர் மென்மையாக இருக்கும். ஷெட்லாந்து கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் எடை குறைவு, கதகதப்பு அதிகம். இவற்றையெல்லாம் வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. குழுவில் எல்லோரும் மிச்ச நூலை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள், தொட்டுப் பாருங்கள். கைச்சாயம் ஏற்றிய விலை உயர்ந்த நூல் கடைகளுக்குப் பிறகு போகலாம். இப்போதைக்கு அறக்கட்டளைகள் நடத்தும் பழைய பொருள் கடைகள் போதும். யாரோ ஒரு பாட்டி சேர்த்து வைத்த நூல் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். நல்ல கம்பளி ஸ்வெட்டர் கிடைத்தால் அதையே பிரித்து நூலாக்கலாம். வாங்கும் முன் உள்பக்கத் தையலைப் பாருங்கள். பின்னிய ஓரங்களைச் சேர்த்துத் தைத்திருந்தால் ஒரே நீள நூலாகப் பிரியும். துணி போல வெட்டி, ஓரத்தை ஓவர்லாக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு துண்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள்.

அந்தக் கடைகளில் பழைய ஊசிகளும் கிடைக்கும். அவற்றில் மில்லிமீட்டர் இருக்காது, பழைய பிரிட்டிஷ் எண்தான் இருக்கும். எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 14 என்றால் 2. அமெரிக்க எண் இதற்கு நேர்மாறு. அதில் 8 என்பது 5 மில்லிமீட்டர். எனவே பின்னல் குறிப்பு எந்த நாட்டில் எழுதியது என்று முதலில் பாருங்கள். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேவில் இன்னும் எச்சரிக்கை தேவை. பிரிட்டிஷ் குறிப்பில் ‘டபுள் குரோஷே’ என்பதும் அமெரிக்கக் குறிப்பில் ‘சிங்கிள் குரோஷே’ என்பதும் ஒன்றே.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கறுப்பு, கருநீல நூல்களை வசந்த காலத்துக்கு எடுத்து வையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் அவற்றின் கண்ணி தெரியாமல் கண் வலிக்கும். வெளிர் நிறம் எடுத்தால் மாலை முழுவதும் பின்னலாம்.

ரயிலில் பின்னலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். இரு முனைகளையும் வளையும் கம்பி இணைக்கும் வளைய ஊசி இருந்தால் பக்கத்தில் இருப்பவர் மீது முழங்கை இடிக்காது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். கையால் ஸ்வெட்டர் பின்னி விற்று இந்த ஊரில் பிழைக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். டபுள் நிட் என்ற நடுத்தரத் தடிமன் நூலில் 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 22 கண்ணி, 28 வரிசை என்பது வழக்கமான அளவு. மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர், நீளம் 60 என்று வைத்தால் உடல் பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய 37,000 கண்ணிகள். இரண்டு கைகளுக்குச் சுமார் 19,000. ஆக மொத்தம் 56,000. நிமிடத்துக்கு 25 கண்ணி என்ற சீரான வேகத்தில் இடைவிடாமல் பின்னினாலும் 37 மணி நேரம் ஆகும். 21 வயது நிரம்பியவர்களுக்கு 2025 ஏப்ரலில் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. அதன்படி கூலி மட்டுமே 450 பவுண்டைத் தாண்டும். நூல் விலையும் தைத்து முடிக்கும் நேரமும் இதில் சேரவில்லை. இயந்திரத்தில் பின்னிய ஸ்வெட்டர்கள் கடை கடையாகத் தொங்கும் ஊரில் அந்த விலையைக் கொடுப்பவர்கள் அபூர்வம். கேட்பவர்கள் பாதி விலைக்கும் கீழே கேட்பார்கள். நீங்களும் ஆளில்லாத வீட்டில் இரவு பகலாகப் பின்னி, வெளியே போகும் நேரத்தையும் இழந்துவிடுவீர்கள். புதிதாக வந்த பெண்களை இந்த விற்பனை ஆசை வீட்டோடு கட்டிப் போடுவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை.

பழுது பார்ப்பது வேறு கதை. விலை உயர்ந்த கம்பளி உடைகளில் விழும் ஓட்டைகளைக் கண்ணிக்குக் கண்ணி அடைத்துத் தரும் கைகள் இங்கே குறைவு. ஓர் ஓட்டைக்கு ஒரு மணி நேரம் என்றால், அந்த நேரத்துக்கு உரிய கூலியைக் கூசாமல் கேட்கலாம். உங்கள் கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பதால் துணைவரான உங்களுக்குச் சொந்தத் தொழில் செய்ய அனுமதி உண்டு. இருந்தாலும் உங்கள் இ-விசாவில் (இணையத்தில் இருக்கும் விசா பதிவில்) நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, இரண்டு குல்லா பின்னி இணையத்தில் விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். சிறு தொழிலில் நிதியாண்டுக்கு 1,000 பவுண்டு வரை வரும் வரவுக்கு வரி இல்லை. இங்கே நிதியாண்டு ஏப்ரல் 6ஆம் தேதி தொடங்குகிறது.

ஓட்டை என்றதும் அந்துப்பூச்சி நினைவுக்கு வருகிறது. தரை முழுவதும் கம்பளம் விரித்த வாடகை வீடுகளில் இது தீராத தொல்லை. பறக்கும் பூச்சி கம்பளியைத் தின்னாது, அதன் புழுக்கள்தான் தின்னும். பழைய கடையில் வாங்கிய எதையும் நேரே அலமாரியில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்று போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். இன்னொன்று, லண்டன் தண்ணீர் கடினநீர், சாதாரண சோப்பு கம்பளியில் படிந்துவிடும். கம்பளிக்கென்று விற்கும் திரவத்தைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நூலகக் குழுக்கள் விடுமுறை விட்டுவிடும். 25ஆம் தேதி லண்டனில் சுரங்க ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. தெருவே ஓய்ந்து போகும். புதிதாக வந்தவர்களுக்கு ஆண்டின் மிகக் கடினமான நாட்கள் அவைதான். குழுவில் இருக்கும் மூத்தவர்கள் எல்லோரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். போக இடமில்லாமல் தனியாக இருக்கும் ஒருவராவது பெரும்பாலும் உங்கள் மேசையிலேயே இருப்பார். டிசம்பர் முதல் வாரத்திலேயே யார் லண்டனில் இருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேளுங்கள். 26ஆம் தேதி வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கும். அன்று பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஊசியையும் நூலையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா