பிரெஞ்சு தெரியாமல் பரிஸில் இறங்கினால்?

திருகோணமலையிலிருந்து முதல் தடவையாகப் பரிஸ் போகிறேன், பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது, சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சமாளிக்கலாம்.

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர் பி ரயில் நேரே கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வரும். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் லா சப்பல். அங்கே தமிழ்க் கடைகளில் தமிழிலேயே வழி கேட்கலாம்.

விலாசத்தை மட்டும் கடுதாசியில் எழுதி வையுங்கள், போனை நம்ப வேண்டாம். வீட்டு இலக்கம் மட்டும் போதாது. வாசற்கதவைத் திறக்கும் டிஜிகோட் இலக்கம், எத்தனையாம் மாடி, மணிப் பொத்தானில் உள்ள பெயர் எல்லாம் வேண்டும். ஊரில் உவர்மலையில் கேற்றடியில் நின்று கூப்பிடுவதுபோல் கூப்பிட்டால் ஒருத்தரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

எதைக் கேட்பதென்றாலும் முதலில் 'போன்ஜூர்' (வணக்கம்). அது இல்லாமல் தொடங்கினால் முகம் சுளிப்பார்கள். அவசரத்துக்கு அழைக்க 112.